இனி என்றொரு கோப்பு

கல்முனை பிரதான வீதி,
டயர்க் கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே அவர்கள் டியூப் ஒட்ட
மேலே நாங்கள்
நெல் ஆலைகளுக்கு ஒரு சட்டகம் கட்டிக்கொண்டிருந்தோம்.
தராசு, ஈரமானி, பற்றுச்சீட்டு அடிக்கும் பெட்டி,
பதினொரு ஆலை,
எல்லாவற்றுக்கும் ஒரே அமைவுக் கோப்பு.
அதை எந்த வடிவில் எழுதுவது?

மூன்று நாள் கதைத்தோம்.
கலியாணப் பேச்சு இதைவிடச் சீக்கிரம் முடியும்.

ஜெசீமா ஜேசன் என்றாள்.
அடைப்புக்குள் அடைப்பு, மேற்கோளுக்குள் சொல்,
கதவெல்லாம் பூட்டிய வீடு.
கள்ளன் வரமாட்டான், சரி.
கடைசி வரியில் ஒரு காற்புள்ளி மிஞ்சினால்
வீட்டுக்காரனையும் உள்ளே விடாது.
அதைவிட,
ஈரம் ஏன் பதினாலு வீதம் என்று
ஓரத்தில் ஒரு சொல் எழுத இடமில்லை.
இலக்கம் இருக்கும், காரணம் இருக்காது.
அப்படிச் சுற்றறிக்கைகள்
நாங்கள் நிறையப் பார்த்தவர்கள்.

டெஸ்மன்ட் எக்ஸ்எம்எல் என்றபோது
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
திறந்ததையெல்லாம் பெயர் சொல்லி மூடும் மரியாதைக்கு
ஆலையில் யாருக்கு நேரம்?

யாமல் என்றது நான்.
பார்க்க அழகு. அடைப்பு இல்லை, ஆரவாரம் இல்லை.
தள்ளி எழுதினால் பிள்ளை,
தள்ளாமல் எழுதினால் தகப்பன்.
யாமல் தமிழில் ஒரு வால்தானே என்றான் கோகுலவாசன்:
தெரியாமல், புரியாமல், முடியாமல்.
சிரித்தோம்.
அதையே எடுத்தோம்.

பெரும்போக வெட்டுத் தொடங்கி நாலாம் நாள்
நிந்தவூர் பழைய ஆலை திரையில் இல்லை.
ஆலை இருந்தது. வாசலில் லொறி நின்றது.
எங்கள் கணக்கில்தான் இல்லை.

ஆலைக்கு இரண்டெழுத்துக் குறி வைத்திருந்தோம்.
நிந்தவூர் ஓல்டுக்கு என், ஓ.
யாமல் அதை 'நோ' என்று வாசித்து
பொய் என்று பதிந்துவிட்டது.
ஒரு ஊரை.
நாங்கள் அறியாமல்.

தேடப் போனால்
067 என்ற எங்கள் தொலைபேசிக் குறியும்
ஐம்பத்தைந்தாகிக் கிடந்தது.
சுழியத்தில் தொடங்கினால்
எட்டு எட்டாக எண்ணுமாம்.

ஆலையில் பற்று எழுதும் பஸ்மினா போனில் சொன்னாள்:
"நாங்க இரிக்கம். மெசின்தான் இல்லெங்குது."

கைபேசியிலேயே கோப்பைத் திறந்து
திருத்தவும் பார்த்திருக்கிறாள்.
பெருவிரல் ஒரு இடைவெளியைத் தின்றது.
தராசு போய்ப் பற்றுச்சீட்டுப் பெட்டிக்குப் பிள்ளையாயிற்று.
அன்றைய நெல் முழுவதும்
கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதப்பட்டது.

இரவு கறண்டும் போனது.
மடிக்கணினி வெளிச்சத்தில் ஜெசீமா கேட்டாள்:
"கோப்பு எங்களுக்கா, அவளுக்கா?"
நல்ல கேள்விதான்.
தோற்றது என் தெரிவு என்பதால்
பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருப்பதில் பழசு ஒன்று உண்டு.
மூன்றெழுத்து. ஐ, என், ஐ.
சேர்த்து வாசித்தால் இனி.
சதுர அடைப்புக்குள் ஊர்,
கீழே பெயர், சமன் குறி, பெறுமதி. முடிந்தது.
தானாக எதையும் பொய்யென்று தீர்மானிக்காது,
சுழியத்தில் தொடங்கினால் சுழியத்திலேயே நிற்கும்.
பிள்ளைக்குப் பிள்ளை மட்டும் அதற்குத் தெரியாது.
டெஸ்மன்ட் இதற்காக இன்னும் முணுமுணுக்கிறான்,
நியாயமும் இருக்கிறது:
பன்னிரண்டாவது ஆலைக்கு இரண்டு தராசு.

ஒரு அரைப்புள்ளி போட்டால்
அந்த வரி மனிதருக்கு.
இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும்.

கிழமை முடியுமுன்
நிந்தவூர்க் கோப்பில் இரண்டு அரைப்புள்ளி விழுந்திருந்தது.

; இது நிந்தவூர் பழசு. இல்லை இல்ல. ஊர்.
; மேல உள்ளதத் தொடாதீங்க. கேட்டா சொல்லுவன்.

அதன் கீழே அவளுடைய இலக்கம்,
சுழியத்தில் தொடங்கி.